துரைக்குத் தமிழ் ஆகாது

உலக நடிப்புக் கலையின் வரலாற்றை எழுதப் போகிறவர்கள் ஏதென்ஸில் தொடங்கட்டும், ஆட்சேபணை இல்லை. ஆனால் மாமல்லபுரத்தில்தான் முடித்தாக வேண்டும். ஓரியோல் புய்க் என்னும் கத்தலான் நடிகரின் கலைவாழ்வு அங்கேதான் ‘உச்சம்’ தொட்டது.

பார்சிலோனா மேடைகளில் முப்பத்திரண்டு வருடம் நின்றவர் அவர். ராஜாவாக, கருமியாக, பைத்தியமாக. ஒரு நாடகத்தில் சாவதற்கு மட்டும் பதினோரு நிமிடம் எடுத்துக்கொள்வாராம்; கூட்டம் இருமக்கூட மறந்துவிடுமாம். பிறகு தொலைக்காட்சியில் துப்பறிந்தார், சினிமாவில் கதாநாயகிகளுக்கு அப்பாவானார். அறுபது வயதில் பத்து நாள் கடல் பார்க்க வந்தவர், ஆறு வருடமாகியும் திரும்பவில்லை.

இப்பேர்ப்பட்ட கலைஞரைத் தமிழ் சினிமா எப்படிக் கௌரவிக்கும்? துரை வேஷம் கொடுத்துத்தான்.

அந்தத் திருப்பணியைச் செய்தவர் பக்தவத்சலம். படப்பிடிப்புகளுக்கு வெள்ளைக்காரர்களைப் பிடித்துக் கொடுப்பவர். விசிட்டிங் கார்டில் ‘சர்வதேசக் கலை ஒருங்கிணைப்பாளர்’. முதல் சந்திப்பில் எந்த ஊர் என்று கேட்டார். ஓரியோல் ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினார்: கத்தலோனியா, ஸ்பெயினின் வடகிழக்கு மூலை, தனி மொழி, பல நூற்றாண்டு இலக்கியம். பக்தவத்சலம் பயபக்தியோடு கேட்டு முடித்தார்.

“லண்டன்னே போட்டுக்கறேன் சார்.”

பதினான்கு படங்கள். பதினான்கிலும் கலெக்டர், பதினான்கிலும் இடைவேளைக்குப் பின் மரணம். ஒரே மனிதரைக் கொன்று பதினான்கு முறை சுதந்திரம் வாங்கிய தேசம் பூமியில் வேறு கிடையாது. நடுநடுவே திருப்போரூர்ப் பக்கம் மனை விற்பனைத் தொடக்க விழாக்களில் கோட் மாட்டி ரிப்பனும் வெட்டினார். அங்கே அவர் ‘வெளிநாட்டு வல்லுநர்’. எதில் வல்லுநர் என்று யாரும் கேட்கவில்லை.

வசனம் என்று ஒன்று அவருக்குக் கிடையாது. “ஒன், டூ, த்ரீ சொல்லுங்க சார். வாய் அசைஞ்சா போதும், டப்பிங்ல பாத்துக்கலாம்” என்பது நம் படப்பிடிப்புத் தளங்களின் தொன்மையான மரபு. ஓரியோல் அதையும் கலையாகவே செய்தார். ஒன்றிலிருந்து இருபது வரை வரி விதித்தார். முப்பதில் உறுமினார். தூக்குமேடைக் காட்சியில் அவர் “ஃபார்ட்டி ஒன்” என்று தழுதழுத்தபோது லைட்மேன் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் அந்த மனிதருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. தமிழ் கற்றுக்கொண்டார். தினமும் காலையில் குப்பத்து ஏலத்துக்குப் போய், மீன் விற்கும் ஆதியம்மாளின் பக்கத்தில் கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து, அவள் ஏசுவதையெல்லாம் மனப்பாடம் செய்தார். நான்கே வருடத்தில், “இன்னா தங்கச்சி, இந்த வஞ்சிரம் செத்து மூணு நாள் ஆவுது போல கீதே?” என்று கேட்கும் அளவுக்குத் தேறினார்.

ஒரு நாள் பதினைந்தாவது படம் வந்தது. இயக்குநர் ஜெகதீசன், கூடுவாஞ்சேரிக்காரர். வேடம், வழக்கம்போல் கலெக்டர், முடிவும் வழக்கம்போல். ஆனால் இந்தக் கலெக்டர் தமிழ் படித்தவர். சாகும்போது ஒரு வரி தமிழில் பேசுவார்: ‘என்னை இந்த மண்ணிலேயே புதையுங்கள். மழைக்கு அந்நியர் என்று யாருமில்லை.’

ஓரியோல் பக்தவத்சலத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இத மட்டும் நானே பேசறேன். என் கொரல்ல. ஒரே ஒருவாட்டி.”

இருபது நாள் ஒத்திகை. அலைக்கு எதிரே மணலில் விழுந்து செத்துச் செத்துப் பேசினார். ஆதியம்மாள் கவுளை மீனைப் பிரித்துப் போட்டபடி விமர்சித்தாள்.

“சாவறவன் இவ்ளோ மூச்சு இஸ்துகினு இருப்பானா அண்ணாத்த? பாதி சொல்லு. மீதிய கண்ணு சொல்லும்.”

முப்பத்திரண்டு வருடத்தில் எந்த இயக்குநரும் அவருக்கு இவ்வளவு நல்ல யோசனை சொன்னதில்லை.

செங்கல்பட்டு ஏரியோரம் படப்பிடிப்பு. ஓரியோல் விழுந்தார். பாதியை வாய் சொன்னது; மீதியைக் கண் சொன்னது. தளமே உறைந்து நின்றது. ஜெகதீசன் மெல்ல வந்து பக்கத்தில் குந்தினார்.

“பின்னிட்டீங்க சார். ஒண்ணே ஒண்ணு. கொஞ்சம் தப்பா பேசுங்க.”

“எத?”

“தமிழத்தான். இவ்ளோ சுத்தமா பேசினா வெள்ளைக்காரன்னு எவன் நம்புவான்? அதுவுமில்லாம நம்ம ஹீரோவுக்கே இவ்ளோ வராது. நீங்க அவர விட நல்லா பேசினா ஃபேன்ஸ் ஸ்கிரீனைக் கிழிச்சிடுவாங்க.”

“மறுபடி ஒன், டூ, த்ரீயா?”

“கரெக்ட் சார்! புரிஞ்சிக்கினீங்க பாருங்க.”

பின்னாளில் தீனா என்ற டப்பிங் கலைஞர் வந்தார். பதினேழு துரைமாருக்குக் குரல் கொடுத்த அனுபவசாலி. மைக்கைப் பிடித்து, “என்னே… இண்டே மண்ணுலே… பொதைச்சிடு மேன்!” என்றார். தியேட்டர் விசிலில் அதிர்ந்தது. முத்தமிழ்க் கலைவேந்தர் பேரவை, கடற்கரைச் சாலை ஹோட்டல் ஒன்றில் விழா எடுத்து, தீனாவுக்கு ‘செந்தமிழ்க் குரலோன்’ பட்டம் அளித்தது. பட்டத்தை வழங்க, சர்வதேச அந்தஸ்துக்காக, ஓரியோல்.

பொன்னாடை போர்த்தியானதும் அவர் மைக்கின் முன் நின்றார். “எல்லாருக்கும் வணக்கம்” என்று தொடங்கினார். தொகுப்பாளினி பரிமளா பதறி ஓடிவந்தாள்.

“சார், ப்ளீஸ், இங்கிலீஷ்! பெரிய பெரிய ஆளுங்கள்லாம் வந்திருக்காங்க!”

ஓரியோல் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு அவையைப் பார்த்து, ஆதியம்மாள் கொடுத்த தமிழிலேயே பேசினார்:

“எங்கப்பாரு இஸ்கூல்ல சொந்த பாஷை பேசினா வாத்தியாரு பெரம்பால சாத்துவாரு. அந்த பாஷைய அடக்கறதுக்கு எங்க நாட்ல ஒரு சர்வாதிகாரி, பட்டாளம், ஜெயிலு, இம்மாம் பேரு வேண்டியிருந்துது. அப்பவும் முடியல. நீங்கோ கெட்டிக்காரங்கோ. ஒருத்தரையும் அடிக்காம, சால்வை போத்தியே முடிச்சிட்டீங்கோ.”

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் பேரவைத் தலைவர் கண்கலங்கினார். பின்வரிசையில் செல்போனில் மூழ்கியிருந்த ஜெகதீசன் நிமிர்ந்து, பக்கத்தில் வெறித்தனமாகத் தட்டிக்கொண்டிருந்த பக்தவத்சலத்தைக் கேட்டார்:

“இன்னா சொன்னாரு?”

“யாருக்குத் தெரியும் சார்? தமிழ்ல பேசினாரே, அது போதாதா!”