நாலு பிரதிக்காரன் அண்ணனுக்கு எழுதுவது

மதிப்பிற்குரிய அண்ணா அவர்களுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அண்ணியும் மகளும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். பதினோரு வருடமாக அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனை நீங்கள் பாதியில் வைத்துவிடுவீர்கள். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும்.

நாம் கடைசியாகப் பேசியது மாடிப்படியில், நடுவே ஓர் இரும்பு அலமாரியோடு. கீழே நீங்கள், மேலே நான். என் முழங்கால் சொல்லாமல் கொள்ளாமல் மடங்கியது, அலமாரி உங்கள் கால் கட்டைவிரலில் போய் உட்கார்ந்தது. “வேலைன்னா வளையாத உடம்பு, நாற்காலியைக் கண்டா மட்டும் நல்லா வளையுதேடா” என்றீர்கள். முப்பது வருடம் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர், சோம்பேறித்தனத்தைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிப்பவர் என்பதால் நானும் நம்பிவிட்டேன். சின்ன வயதில் அதற்கு வைத்தியமாக என்னை மைதானத்தைச் சுற்றி ஓட விட்டீர்கள். நான் ஓடி முடிக்கும்போது முதலில் வந்தவன் வீட்டுக்குப் போய், குளித்து, சாப்பிட்டு, மறுபடி விளையாட வந்திருப்பான்.

போன மாதம் எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் பழுது. மூன்றாம் மாடிக்கு ஏற முக்கால் மணி நேரம். நடுவில் நின்றபோது பக்கத்து வீட்டம்மா, யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். காலுக்காக என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலை குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு விழுந்தேன், எழுந்திருக்க முடியவில்லை, தண்ணீர் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, யாரைக் கூப்பிடலாம் என்று மனசுக்குள் ஒரு பட்டியல் போட்டேன், அது சட்டென்று முடிந்துபோச்சு, அதனால சும்மா கிடந்தேன். கீழ்வீட்டுக் கூரை ஒழுகியதால் மத்தியானம் பிளம்பர் வந்து பூட்டை உடைத்தார். என்னைத் தூக்கி உட்கார வைத்து, யாருக்கு போன் போடட்டும் என்று கேட்டார். உங்கள் எண்ணில் ஆறு இலக்கம் வரைக்கும் சொன்னேன். அப்புறம் மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

மருத்துவமனையில் மரபணு டாக்டர் என்று ஒரு பெண், நம் வீட்டு மகள் வயதுதான் இருக்கும், ரத்தத்தைப் பார்த்துவிட்டு, இதற்குப் பெயர் தண்டுவடத் தசைநலிவு என்றார். தசையை இயக்கும் நரம்பு உயிரோடு இருக்க ஒரு புரதம் வேண்டுமாம். அதைச் செய்யும் மரபணு அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றும் வர வேண்டும். எனக்கு இரண்டுமே வரவில்லை. வீட்டில் எதைப் பங்கு போட்டாலும் எனக்கு நடந்ததுதான். ஆனால் பக்கத்திலேயே உதவிக்கு இன்னொரு மரபணு உண்டாம். அது செய்யும் புரதத்தில் பத்துக்கு ஒன்றுதான் உருப்படி. அதனால் அதன் பிரதிகள் எத்தனை இருக்கின்றன என்பதில்தான் விஷயம். இரண்டே இருந்தால் குழந்தைக்குப் பெரும்பாலும் தலை நிற்பதே கஷ்டம், உட்காராது, மூச்சுக்கே போராடும். மூன்று இருந்தால் உட்காரும், சிலது நடக்கும். “உங்களுக்கு நாலு இருக்கு சார், அதனாலதான் இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. ஆனா எண்ணிக்கையை மட்டும் வச்சு எல்லாத்தையும் சொல்லிட முடியாது” என்றார். சோம்பேறித்தனத்துக்கு எத்தனை பிரதி என்று கேட்டேன். அப்படி ஒரு பரிசோதனையே கிடையாதாம்.

இனிமேல்தான் விஷயம். மகள் முழுகாமல் இருப்பதாகச் சித்தப்பா பையன் சொன்னான். எனக்கு இது இருந்தால் உங்களிடம் ஒரு மரபணு இல்லாமல் இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. மற்றது இருந்தாலே போதும் என்பதால் உங்களுக்கு ஒன்றும் செய்யாது. மகளுக்கும் போயிருக்கலாம், அவளுக்கும் ஒன்றும் செய்யாது. மாப்பிள்ளைக்கும் அப்படியே இருந்தால்தான் குழந்தைக்கு ஆபத்து. குழந்தைக்கு என்னைப் போல நாலு கிடைக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இப்போது மருந்து உண்டு. தெம்பு குறைவதற்கு முன்னால், பிறந்த கையோடு கொடுத்தால்தான் முழுப் பலன். ஆகவே நீங்கள் நேரில் வந்து இந்த மருத்துவமனையிலேயே ரத்தம் கொடுக்க வேண்டும். இரண்டு நாள் ஆகும், என் வீட்டில் தங்கலாம். துணைக்கு ஆள் இல்லாமல் கூப்பிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இது முழுக்க முழுக்க மருத்துவக் காரணம்.

அண்ணிக்கு என் வணக்கம், பிறக்கப்போகிறவருக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தம்பி

பின்குறிப்பு: தபாலில் சேர்க்க இந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்ட பிசியோதெரபிக்காரப் பெண், என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். “அவங்க ஊர்லயே குடுக்கலாமே சார்? அவர் எதுக்கு? முதல்ல அந்தப் பொண்ணுக்குத்தான் எடுக்கணும்” என்றாள். சரிதான். டாக்டரும் அதைத்தான் சொன்னார். எனக்கு முன்னமே தெரியும். ஆகவே கடிதம் கிடைத்த அன்றே மகளை அழைத்துப் போங்கள். என் அறிக்கையை இணைத்திருக்கிறேன், அதைக் காட்டினால் போதும். நீங்கள் இங்கே வர எந்த அவசியமும் இல்லை. அவசியமில்லாமல் வருவதானால், திங்கட்கிழமை வீட்டில்தான் இருப்பேன். செவ்வாயும். மற்ற நாட்களிலும்.