கொம்பிரசர் அண்ணை சொன்ன ரகசியம்

மல்லாவியில் ரகசியம் வைத்திருக்கவே முடியாத மனிதர் யாரென்று கேட்டால், யோசிக்காமல் கொம்பிரசர் அண்ணையைச் சொல்வேன். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் ஒழுங்கை வீடுகளில் ஒருவருக்கும் தெரியாது. அப்போது தர்மபுரத்திலிருந்து உழவு இயந்திரத்தின் பின்னால், காற்றை அழுத்தி அனுப்பும் கொம்பிரசரை இழுத்துக்கொண்டு வருவார். கிணற்றின் அடியில் தடுக்கும் கல்லைக் காற்றுச் சுத்தியலால் துளைத்து, துளையில் ஆப்பு இறுக்கிப் பிளப்பார். அந்தச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. தனக்குக் கேட்காதது ஊருக்கும் கேட்காது என்ற நம்பிக்கையில், தேநீருக்குச் சீனி போதும் என்பதைக்கூட அடுத்த தெருவரை அறிவிப்பார்.

வீட்டோடு தையல் கடை வைத்திருந்த மலரக்காவின் கிணறு பாதியில் கருங்கல்லில் முட்டி நின்றபோதுதான் அவர் எங்கள் ஒழுங்கைக்கு வந்தார். மலரக்கா தனியாள். தண்ணீர் வராவிட்டால் காணியை விட்டுவிட்டு வவுனியாவில் தங்கையோடு போய் இருந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

கொம்பிரசர் அண்ணை காலையில் வந்ததும் குழாயை வானத்தை நோக்கிப் பிடித்துக் காற்றை ஊதவிடுவார். உள்ளே கிடக்கும் மணல் சுத்தியலுக்குள் போய்விடக்கூடாது. அது யார் முகத்தில் போய் விழுகிறது என்பது அவர் கவலை இல்லை. அடுத்தது எண்ணெய். காற்றோடு எண்ணெயும் போகாவிட்டால் சுத்தியல் உள்ளே தேய்ந்துவிடும். அதற்கு எண்ணெய் விடும்வரை அவர் தேநீரைத் தொடமாட்டார்.

"அவன் பட்டினி கிடக்க நான் குடிக்கிறதோ?" என்பார் சுத்தியலைக் காட்டி.

ஒருநாள் அவர் கிணற்றுக்குள் ஆப்பு இறுக்கிக்கொண்டிருந்தார். மேலே குழாயோடு பூட்டியிருந்த எண்ணெய்க் குப்பி வெறுமையாகத் திறந்து கிடந்தது. மலரக்கா அதைப் பார்த்தார். உதவியாக இருக்கட்டுமென்று குசினியிலிருந்து தேங்காயெண்ணெயைக் கொண்டுவந்து நிரப்பி மூடிவிட்டார்.

கொஞ்ச நேரம் கிணற்றுக்குள்ளிருந்து பொரியல் மணம் வந்தது. பிறகு சுத்தியல் இருமியது, திக்கியது, நின்றது.

மலரக்கா கிணற்று விளிம்புக்கு ஓடிவந்தார். "அண்ணை, தெரியாமச் செய்துபோட்டன். பழுதாப் போச்சுதோ?"

அவர் ஏசவில்லை. சாக்கை விரித்துச் சுத்தியலைக் கழற்றி, ஒவ்வொரு துண்டாக மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தார். கடைசித் துண்டையும் பூட்டிவிட்டு, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு முழங்கினார்.

"இவனுக்குப் பசிக்குதெண்டு இவ்வளவு காலத்தில ஒருத்தரும் பார்க்கேல்லை. நீங்கள்தான் பார்த்தனீங்கள்."

ஒழுங்கை முழுவதும் தையல் கடைப் பக்கம் திரும்பியது.

அந்த வாரமே கல் பிளந்தது. வெடிப்பிலிருந்து தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. கிணற்று விளிம்பில் குனிந்து நின்ற மலரக்காவுக்கு, அடியிலிருந்து அவர் ரகசியம் சொன்னார்.

"உங்களிட்டை ஒரு கதை. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. எனக்கும் ஆருமில்லை. என்னைக் கட்டுறீங்களோ?"

கிணறு அந்த ரகசியத்தை இன்னும் பெருப்பித்து அனுப்பியது. தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி நின்றார். நானும் அம்மாவும் வேலியோடு ஒட்டிக்கொண்டோம்.

"முதல்ல மேல ஏறி வாங்கோ. தண்ணி இடுப்புக்கு வந்திட்டுது" என்றார் மலரக்கா.

அவர் நனைந்தபடி ஏறி வந்தார், சுத்தியலைத் தோளில் சுமந்துகொண்டு. "என்ன சொன்னனீங்கள்?"

"இனி உங்களை அண்ணை எண்டு கூப்பிடேலாது எண்டு சொன்னனான்."

அவருக்கு அரைவாசிதான் கேட்டிருக்க வேண்டும். முகம் வாடிப்போய் நின்றார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. வேலிக்கு இங்காலிருந்து அவரைப் பார்த்துக் கத்தினார்: "தம்பி, அவா ஓமெண்டுறா!"

இப்போது அந்தக் கிணற்றுத் தண்ணீரில் மலரக்காவின் மிளகாய்த் தோட்டம் சிவந்து கிடக்கிறது. காதுக் கவசம் போடாமல் வேலைக்கு இறங்கினால் அவருக்குச் சாப்பாடு இல்லை என்பது வீட்டுச் சட்டம். மீதிக் காதையாவது காப்பாற்ற வேண்டுமாம்.

போன கிழமை எங்கள் படலையில் உழவு இயந்திரத்தை நிறுத்தி, "உங்கட கிணத்தில கல்லு ஏதும் தட்டுதோ?" என்று விசாரித்தார்.

எங்கள் கிணற்றில் அடிவரை வெறும் மணல்தான்; அவரை வேலைக்குக் கூப்பிட வழியில்லை. அந்தக் கிணற்றின் மேல் எனக்குள்ள ஒரே குறை அது.