மாப்பிள்ளையின் சைக்கிளில் இறங்கிய காற்று

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தம்பி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நான், மகள், பேத்தி, மாப்பிள்ளை நால்வரும் இன்று காலை எட்டே முக்கால் மணி வரை நலம். எட்டே முக்காலுக்கு மாப்பிள்ளை சைக்கிளில் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டபடியால், அதற்குப் பிந்தைய நிலவரத்தை உறுதியாகச் சொல்வதற்கில்லை. உங்கள் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என் நெஞ்சுப் படபடப்பு குறையவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் வீட்டு மாப்பிள்ளை அயல்நாட்டுக்காரர், தங்கமான மனிதர், நம் மொழியை மூன்றே வருடத்தில் பேசக் கற்றுக்கொண்டவர், அதிலெல்லாம் எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு வருட ஒப்பந்தத்தில் அவரை இந்த ஊருக்கு அனுப்பிய கம்பெனி, காரும் ஓட்டுநரும் சேர்த்தே கொடுத்திருக்கிறது. ஓட்டுநர் காலையில் வருகிறார், காரைத் துடைக்கிறார், பேப்பரை விளம்பரம் உட்படப் படிக்கிறார், சாயங்காலம் வீட்டுக்குப் போகிறார். மாப்பிள்ளை சைக்கிளில் போகிறார்! கேட்டால், "கார்ல ஒன்னேகால் மணி நேரம் மாமா, சைக்கிள்ல இருபத்தஞ்சு நிமிஷம்" என்கிறார். நானோ முப்பத்தொரு வருடம் காப்பீட்டு ஆபீசில் விபத்துக் கோப்பு பார்த்தவன். சைக்கிளை முழுசாகப் பார்த்ததைவிடப் போட்டோவில் நசுங்கிப் பார்த்ததுதான் அதிகம். ஒப்பந்தம் இந்த வருடக் கடைசியில் முடிகிறது. பலமாக ஒரு அடி பட்டால் போதும், மூட்டை கட்டிவிடுவார்கள், அவர்கள் இருக்கும் மாடி காலியாகிவிடும், பேத்தியை நான் போனில்தான் பார்க்க வேண்டும். என் மனைவி போன பிறகு இந்த வீட்டில் சத்தம் என்று இருப்பது அந்தக் குழந்தை படியில் குதிக்கிற சத்தம் ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டு என்னால் இருக்க முடியாது.

போன மாதம் ஒருநாள் மனசு கேட்காமல் ஓர் ஆட்டோவைப் பிடித்து அவர் பின்னாலேயே போனேன். போகாமல் இருந்திருக்கலாம். முதல் சிக்னலில் சிவப்பு விழுந்ததும் மனிதர் நின்றுவிட்டார். நின்றுவிட்டார் அக்கா! பின்னால் வந்த அத்தனை பேரும் பிரேக்கை மிதித்து, ஏதோ விபத்து என்று இறங்கி வந்து, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும்தான் கோபப்பட்டார்கள். அடுத்து வலது பக்கம் திரும்ப முறைப்படி கையை நீட்டினார். நீட்டிய கைக்கு முன்னால் மூன்று ஆட்டோக்கள் வரிசையாக வந்து நின்று எங்கே போகணும் என்று கேட்டன, நடைபாதையில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தவர் அந்தக் கையில் ஒரு நோட்டீசையும் வைத்துவிட்டுப் போனார். அதற்கடுத்து, சாலையைக் கடக்க நின்ற ஓர் அம்மாளுக்கு வழிவிட்டு, "போங்க" என்று சைகை காட்டினார். அந்த அம்மாள் பயந்து இரண்டடி பின்னால் போய், பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். யாராவது ஹாரன் அடித்தால் இவர் திரும்பி, சிரித்து, நன்றி சொல்கிறார். இதையெல்லாம் பார்த்த ஆட்டோக்காரர் என்னிடம் கேட்டார், "யாரு சார் இவரு?"

"என் மாப்பிள்ளை."

"காரு இல்லையா?"

"இருக்கு. டிரைவரும் இருக்காரு."

அவர் குரலைத் தாழ்த்தி, "வீட்ல ஏதாச்சும் மனஸ்தாபமா சார்? பேசித் தீத்துக்கலாமே" என்றார். எனக்கு மானம் போய்விட்டது.

அதன் பிறகு நான் செய்ததை உங்களிடம் மறைக்க மாட்டேன். தினமும் காலை ஆறு மணிக்குப் பால் வாங்கிவிட்டு வரும்போது, படிக்கட்டுக்குக் கீழே நிற்கும் சைக்கிளின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, டயரின் வால்வு மூடியைக் கழற்றி, பேனா மூடியால் நடு ஊசியை அழுத்திக் காற்றை இறக்கிவிட்டேன். என் வயதில் குந்தி உட்காருவதே பெரிய காரியம், எழுந்திருக்கக் கைப்பிடிச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு நாளில் வெறுத்துப்போய்க் காரில் ஏறுவார் என்று கணக்குப் போட்டேன். பதினோரு நாள் இறக்கினேன் அக்கா. பதினோரு நாளும் அவர் வந்தார், டயரை அமுக்கிப் பார்த்தார், பம்பை எடுத்து அறுபது அடி எண்ணி அடித்தார், போய்விட்டார். ஒரு சலிப்பு, ஒரு திட்டு, ஒன்றும் கிடையாது. தாமதமானதால் வேகமாக வேறு மிதித்தார்! ஒருநாள் மகள் சொல்லி நானே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனபோது, தெருமுனை சைக்கிள் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் ஐந்து தடவை முக்கிப் பார்த்துவிட்டு, "இது பஞ்சர் இல்ல சார், இது யாரோட வேலையோ" என்று சொல்லிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். நான் அவசர வேலை இருப்பதாகச் சொல்லி நடந்துவிட்டேன்.

முந்தாநாள் நான் பயந்தது நடந்துவிட்டது. முழங்கை சிராய்ந்து, சட்டை கிழிந்து, ஹேண்டில் கோணலாகி வந்து நிற்கிறார். நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் செருப்பைத் தேடுகிறேன். அவரோ பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். "பஸ்ஸுக்கு வழி விட்டேன் மாமா. டிரைவர் ஆச்சரியப்பட்டு பிரேக் போட்டுட்டார். நானும் ஆச்சரியப்பட்டு விழுந்துட்டேன். ஆறு பேர் ஓடி வந்தாங்க, தண்ணி குடுத்தாங்க, ஆறு பேரும் ஆறு விதமா திட்டினாங்க, திரும்ப ஏத்திவிட்டுத் தள்ளியும் விட்டாங்க!" ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி சொல்கிறார். மகளோ, "சின்னக் காயம்தானேப்பா" என்று பஞ்சை எடுக்கிறாள். இந்த வீட்டில் பதறுவதற்கு நான் ஒருவன்தான் இருக்கிறேன்.

ஆகையால் அக்கா, தலைமையாசிரியையாக நீங்கள் ஆயிரம் பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைத்தவர். மாப்பிள்ளை இந்தக் குடும்பத்தில் பயப்படுவதும் உங்கள் ஒருவருக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "இன்னையோட சைக்கிளை விட்டுடுங்க மாப்பிள்ளை" என்று ஒரே வரி சொன்னால் போதும், மறுபேச்சு இருக்காது. காற்று விஷயம் மட்டும் நமக்குள் இருக்கட்டும். அத்தானுக்கு என் வணக்கங்கள், பிள்ளைகளுக்கு ஆசிகள். எல்லோரும் நாலு சக்கரத்தில் நீடூழி வாழ்க.

பாசமுள்ள தம்பி

பின்குறிப்பு: ஒட்டிய உறையை மறுநாள் கிழித்து இதை எழுதுகிறேன். போன் செய்ய வேண்டாம் அக்கா, தயவுசெய்து வேண்டாம். நேற்று சாயங்காலம் மகள் கீழே வந்து, சம்பந்தியம்மா எனக்காக எழுதிய கடிதத்தை நம் மொழியில் சொல்லிக் காட்டினாள். மகன் ஒவ்வொரு வாரமும் அவருக்கு எழுதுகிறாராம். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் என் முதுகு மட்டும்தான் தெரியுமாம். "ரோட்டுல கண்ணாடித் துண்டு அதிகம், டயர் அடிக்கடி இறங்குது. அதனால மாமா தினமும் விடிஞ்சதும் முட்டி வலியோட உட்கார்ந்து என் டயரைச் சோதிக்கிறார், கேட்டா வெட்கப்படுவார்னு நான் கேட்கல. என் அப்பாகூட என்னை இப்படிப் பார்த்துக்கிட்டதில்ல" என்று மாப்பிள்ளை தன் அம்மாவுக்கு எழுதியிருக்கிறார். அந்த அம்மாள் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார் அக்கா, எனக்கு! அதோடு முடியவில்லை. கம்பெனி மாப்பிள்ளையைத் திரும்பக் கூப்பிட்டதாம், இவர் மறுத்துவிட்டு இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். ஏன் என்று மகள் கேட்டதற்கு, "அங்க போனா என் டயரை யார் பார்ப்பா?" என்றாராம்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று படிக்கட்டு வரை போய்த் திரும்பிவிட்டேன். இன்று காலை முதல்முறையாகப் பம்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருபது அடியில் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது, கண்ணும் கலங்கிவிட்டது. மேலே ஜன்னல் திறந்து, "போதும் மாமா, மிச்சத்தை நான் அடிச்சுக்கிறேன்" என்று அவர் குரல் கேட்டது. நான் நிமிராமலே, "நீங்க சாப்பிடுங்க மாப்பிள்ளை, இது என் வேலை" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, மூன்று வருடத்துக்கு இனி தினமும் நான்தான் அடிக்க வேண்டும்.