எதுனாலங்க என்று ஒருவர்

விருத்தாசலத்தில் 'எதுனாலங்க'வைக் கண்டு ஓடாதவர் ஒருவரும் கிடையாது. கோயிலில் இருக்கும் பழமலைநாதர் ஓடவில்லையே என்பீர்கள். அவர் கல். ஓட வழியில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் வேலை பார்த்த பீங்கான் கம்பெனியில் அவர் பேக்கிங் ஆள். கப்பு, சாசரை வைக்கோலில் சுற்றி மரப்பெட்டியில் அடுக்குவது வேலை. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். எதைப் பார்த்தாலும் "எதுனாலங்க?" என்று கேட்டுக் கேட்டு அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

எனக்கோ கேள்வி கேட்கிறவர்களைக் கண்டாலே ஆகாது. பரீட்சைக்குப் பயந்துதான் படிப்பையே விட்டேன். அப்படிப்பட்டவனை அவருக்கு எதிர் மேசையில் கணக்கு எழுத உட்காரவைத்தார்கள். முன்வினை.

"தம்பி, களிமண்ணு வெள்ளையா இருக்குது. தண்ணிக்கு நெறமே இல்ல. ரெண்டும் சேந்தா கறுத்துப்போவுதே, எதுனாலங்க?"

"ஈரமானா கறுக்கும்ங்க."

"அது எனக்கே தெரியுதே. எதுனால?"

இதற்கு மேல் போனால் கிணறு. மெட்ராஸிலிருந்து வந்த இன்ஜினியர் ஒருவர் இது தெரியாமல் அதற்குள் இறங்கிவிட்டார். மண்துகளுக்குள் வெளிச்சம் புகுந்து புறப்படுவதைச் சுவரில் சாக்பீஸால் கோடு கோடாகப் போட்டு விளக்கினார். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு எதுனாலங்க. சாயங்கால ரயில் கூவிவிட்டுப் போனது. "இவ்வளவு இருக்குதுன்னு நானும் யோசிச்சதில்லைங்க" என்று சொல்லிவிட்டு, சட்டையெல்லாம் வெள்ளைத் தூளோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார் இன்ஜினியர்.

சூளை மேஸ்திரி ரஹீம் பாய் மங்கலம்பேட்டைக்காரர். எதுனாலங்கவின் செருப்புச் சத்தம் கேட்டால் பாதி ஆறிய சூளைக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். "இந்தச் சூடு தேவலைய்யா" என்பார்.

எதுனாலங்க ஒருநாள் சலூனில் கழுத்துக்குக் கத்தி வந்த நேரத்தில், "முடி செத்த பொருளுங்கிறாங்க. செத்தது எப்புடிங்க வளருது?" என்று கேட்டிருக்கிறார். சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "கழுத்துல கத்தி இருக்குறப்போ சாவப் பத்திப் பேசாதீங்க. மிச்சத்துக்கு நாளைக்கு வாங்க." அன்று ஒரு கன்னம் மட்டும் வழவழப்பாக வேலைக்கு வந்தார்.

ஓடாதவர் ஒருவர் இருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எதுனாலங்கவின் மனைவி காமாட்சி அம்மா. அவர் கேட்டு முடிக்குமுன் அந்தம்மாவிடம் பதில் இருக்கும். "மண்ணுக்குத் தண்ணி மேல கோவங்க. அதான் மொகம் கறுக்குது." மறுநாள் இதை என்னிடம் சொல்லிவிட்டு, "பொய்யிதான் தம்பி. ஆனா அவ சொல்றப்போ நல்லாருக்குது" என்பார்.

அந்தம்மாவுக்குத்தான் கால் வீங்கியது. அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது. கடலூர் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு நானும் போனேன். அந்தம்மாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, இருதயம் ரொம்பத் தளர்ந்துவிட்டது, நாள் சொல்வதற்கில்லை என்று எங்களிடம் சொன்னார் டாக்டர். இவர் டாக்டரின் மேசைக்கு இன்னும் கிட்டே போனார்.

"நாம ஒண்ணும் சொல்லாமலே இருதயம் தானா அடிக்குதே, எதுனாலங்க?"

வெளியே வரிசை காத்திருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த டாக்டர் பொறுமைசாலி. இருதயத்துக்குள்ளேயே அதைத் தூண்டிவிடும் இடம் ஒன்று இருப்பதைப் படம் போட்டுக் காட்டினார்.

"அப்ப, நின்னுபோச்சுன்னா மறுபடி ஏன் தானா அடிக்கமாட்டேங்குது?"

டாக்டர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "அம்மாவ பக்கத்துல இருந்து பாத்துக்கங்க" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அந்தம்மா கேட்டார். "டாக்டரு என்னங்க சொன்னாரு?"

"அவருக்கும் தெரியலியாம்."

"என்னைக் கேட்டா சொல்லமாட்டனா? நீங்க ஓயாம கேள்வி கேக்குறீங்க. எனக்கு மூச்சு வாங்குது." சிரித்தார். சிரிப்பை முடிக்கக்கூட மூச்சு போதவில்லை.

மழைக்காலம் முடியுமுன் அந்தம்மா போய்விட்டார்.

அதோடு இவருடைய கேள்விகளும் நின்றன. காரியம் முடிந்து வேலைக்கு வந்தவர் கப்பைச் சுற்றினார், அடுக்கினார், போனார். சோற்றுத் தூக்கு கொண்டுவரவில்லை. கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளவென்று ஆயிற்று. ஓடி ஒளிந்த எங்களுக்கே அந்த அமைதி தாங்கவில்லை.

"இப்படியே வுட்டா இவரும் போயிடுவாருய்யா. அவரு கேக்கலன்னா நாம கேப்போம்" என்றார் ரஹீம் பாய். ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சோறும் ரசமும் எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு பேருமாக அவர் வீட்டுக்குப் போனோம். போகிற வழியெல்லாம் ஆளுக்கொரு கேள்வியை மனப்பாடம் செய்தோம்.

"ஏங்க, பச்ச மண்ணு தண்ணியில கரையுது. அதையே சுட்டுட்டா கரையமாட்டேங்குது. எதுனாலங்க?" என்றார் பாய்.

"தெரியலைங்க."

"நட்சத்திரம் எதுக்குங்க மினுக்குது?" என்றேன் நான்.

"தெரியல தம்பி."

எங்கள் சரக்கு அவ்வளவுதான். பிறகு அவராகவே பேசினார்.

"எனக்குப் பசிக்குதுங்க."

பாய் பாய்ந்து தூக்கைத் திறந்தார். இவர் பாயின் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"இப்ப மட்டும் இல்ல பாய். அவளுக்குக் கொள்ளி வச்சுட்டு வந்து குளிச்சனே, அப்பவே பசிச்சுது. முப்பது வருசம் எனக்குச் சோறு போட்டவ. அங்க வெந்துகிட்டு இருக்குறா, எனக்கு இங்க வயிறு பசிக்குது. அன்னியிலேருந்து பட்டினி போட்டுப் பாக்குறேன், அடங்கமாட்டேங்குது. அவ போனது வயித்துக்குத் தெரியாதா? எதுனாலங்க?"

பாய் சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்து, ஒரு உருண்டையை அவர் உள்ளங்கையில் வைத்தார். இவர் எங்கள் இருவரையும் பார்க்காமல், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார். நாங்களும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பிறகு திட்டக்குடியில் தன் தம்பி வீட்டோடு போய்விட்டார். அங்கே சில வருடம் இருந்து இறந்ததாகக் கேள்விப்பட்டேன்.

போன வருடம் என் மனைவி காலமானாள். சுடுகாட்டிலிருந்து வந்து தலைக்குக் குளித்து நின்றபோது எனக்குப் பசித்தது. கூடம் நிறைய உறவுக்காரர்கள். அவர்களில் ஒருவரிடமும் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதுனாலங்க இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன்.