நிற்க மறுத்த ஜீப்பும் ஞாயிற்றுக்கிழமைச் சோறும்

பழுதான ஜீப்பைக் கண்டால் நின்று பார்க்காமல் கடந்துபோக என்னால் இதுவரை முடிந்ததில்லை. பதுளை கராஜ்களில் என்னைத் தெரிந்தவர்கள் இதைப் பக்தி என்பார்கள். என் மனைவி இதற்கு வேறொரு சொல் வைத்திருக்கிறாள். அதை எழுத முடியாது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மனிதர்களோடு பேசுவதென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை சீனி வாங்கப் போய், கடைக்காரர் "என்னா வேணும்?" என்று சற்றுச் சத்தமாகக் கேட்டதற்கு உப்பை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறேன். இஞ்சின் அப்படியில்லை. அது நம்மிடம் பதில் எதிர்பார்க்காது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தாறு வயது. வெலிமடையிலிருந்து உருளைக்கிழங்கும் லீக்ஸும் ஏற்றும் லொறியை ஓட்டிக்கொண்டிருந்தேன். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், நானும் அம்மாவும் குடியிருந்தோம். அங்கே பெரிய பங்களாவின் பின்னால் ஒரு டீசல் ஜீப் பல வருடமாகக் கிடந்தது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வகை. ஒரு காலத்தில் தோட்டத்து மேலாளரான துரையை ஏற்றிக்கொண்டு மலை உச்சி வரை போன வண்டி. நான் போனபோது பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

ஜீப்பை விற்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். புத்தியுள்ளவன் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. கடைசியாக எப்போது ஓடியது, ஏன் நின்றது, இஞ்சினை யார் பிரித்தார்கள். எல்லாவற்றையும் வழி முழுக்க மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். பங்களாச் சமையல்காரர் முன்னால் நின்றதும் என் வாயிலிருந்து வந்தது ஒரே கேள்வி.

"கோழி?"

"கோழி சேராது" என்றார் அவர். அத்தோடு வியாபாரம் முடிந்தது.

பியதாச பாஸ் (எங்கள் பக்கத்தில் மெக்கானிக்கை பாஸ் என்றுதான் கூப்பிடுவோம்) எட்டு மாதம் எனக்குத் துணை நின்றார். ஞாயிறுதோறும் பதுளை டவுனிலிருந்த அவர் கராஜில் அந்த இஞ்சினைப் பிரிப்போம், துடைப்போம், பூட்டுவோம். பூட்டிய பிறகு ஏதாவது ஒரு பாகம் மிஞ்சும். மறுபடி பிரிப்போம். கடைசியில் ஒரு நாள் அது இருமி, தும்மி, ஓட ஆரம்பித்தது. நான் அழுதேன். புகையால்தான் என்று பாஸிடம் சொன்னேன்.

"தம்பி, இந்த இஞ்சின் கெழவன்" என்றார் பாஸ். "எண்ணெ குடிக்கும். கொறஞ்சா செத்துரும். தினம் அளவுக் கம்பிய இழுத்துப் பாக்கணும்."

பார்க்கும்போது வண்டியை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பார். அவர் கராஜ் சமதரையில் இருந்தது. எங்கள் தோட்டத்திலோ காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தை விட்டால் ஒரு கோலிக்குண்டு உருளாமல் நிற்கும் இடம் கிடையாது. போதாக்குறைக்கு என் பேட்டரி நோயாளி. இறக்கத்தில் மூக்கைக் கீழே வைத்து நிறுத்தினால்தான், மறுநாள் உருட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யலாம். அந்த நிலையில் இஞ்சினுக்குள் இருக்கும் எண்ணெயெல்லாம் முன்னால் போய்த் தேங்கிக்கொள்ளும். அளவு பார்க்கும் கம்பி இருந்ததோ பின்பக்கம். எப்போது இழுத்துப் பார்த்தாலும் காய்ந்து கிடக்கும். நான் ஊற்றுவேன். மறுநாளும் காய்ந்து கிடக்கும். மறுபடி ஊற்றுவேன். என்ன குடி குடிக்கிறது என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே ஊற்றுவேன்.

இந்த நேரத்தில்தான் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் பெண் பார்க்கப் போகிற ஏற்பாடு வந்தது.

அதற்கு முன் மூன்று இடங்களில் பெண் பார்த்திருந்தோம். மூன்று வீட்டிலும் என் மௌனத்தைப் பார்த்துவிட்டு, "பையனுக்குப் பேச்சு வருமா?" என்று அம்மாவிடம் தனியாகக் கேட்டார்கள். நாலாவது இடம் செல்வராணி. அவளைப் பதுளைக் கோயில் திருவிழாவில் ஒருமுறை தூரத்திலிருந்து பார்த்திருந்தேன். ஐஸ்கிறீம் உருகிக் கையில் வழிய, கவலையில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த இடம் தவறினால் பிறகு எந்த இடமும் வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தேன். (யாரிடமும் சொல்லவில்லை.)

அவளுடைய அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் டீசல் இஞ்சின் ஓட்டுகிறவர். ஊரில் அவருக்கு இஞ்சின்காரர் என்றே பெயர். என் தாய்மாமன் ராமையா அவரிடம் முன்கூட்டியே போய், "பையன் பேசத்தான் மாட்டான், இஞ்சின் வேலையில புலி. செத்துப்போன ஜீப்ப எழுப்பி ஓட்டுறான்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அந்த ஞாயிறு காலை கம்பியை இழுத்துப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. பெண் வீட்டு வாசலில் இந்த இஞ்சின் சாகக் கூடாது என்று வேண்டிக்கொண்டு, கேனில் இருந்த மிச்சத்தையும் கவிழ்த்தேன்.

அம்மா முன்னால், மாமா பழத்தட்டோடு பின்னால். பதுளையைத் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் வண்டி என்றுமில்லாத வேகத்தில் இழுத்தது. "என்னா மருமகனே, குதிரயாட்டம் போகுது" என்றார் மாமா. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பின்னால் எழுந்த நீலப் புகையில் வந்த வழி முழுவதும் மறைந்திருந்ததை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்பிரிங்வெளி லயத்து வாசலில் இஞ்சின்காரர் வெள்ளைச் சட்டையோடு நின்றார். லயமே வெளியில் நின்றது. வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைக்கும் குமிழை இழுத்தேன்.

அணையவில்லை. சத்தம் இன்னும் ஏறியது. பலமாக இழுத்தேன். குமிழ் கம்பியோடு கையில் வந்துவிட்டது.

இஞ்சின் அலறத் தொடங்கியது. டீசலை நிறுத்தியாயிற்று. ஆனால் அதற்கு டீசல் தேவைப்படவில்லை. நான் ஊற்றிய எண்ணெயையே உறிஞ்சி எரித்துக்கொண்டிருந்தது. ஜீப் நின்ற இடத்திலேயே குலுங்கியது. புகை லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நிறைந்தது. கொடியில் காய்ந்த துணிகள் காணாமல் போயின. "வெடிக்கப் போகுது, ஓடுங்க" என்று கத்திக்கொண்டு மாமா பழத்தட்டோடு தேயிலைக்குள் பாய்ந்தார். அம்மாவை யாரோ இழுத்துக்கொண்டு போனார்கள். லயத்தில் ஒருவர்கூட மிஞ்சவில்லை; எல்லோரும் தேயிலைக்குள் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

நான் மட்டும் ஸ்டேரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அத்தனை பேர் பார்க்க இறங்கி ஓட வெட்கமாக இருந்தது.

புகைக்குள்ளிருந்து இஞ்சின்காரர் ஈரச் சாக்கோடு வந்தார். பொனட்டைத் தூக்கி, இஞ்சின் காற்று இழுக்கிற குழாயைக் கழற்றி, அதன் வாயில் சாக்கைத் திணித்து அழுத்தினார். இஞ்சின் இரண்டு முறை விக்கியது. உள்ளே ஏதோ படீரென்று முறிந்தது. பிறகு அமைதி.

"எறங்குங்க தம்பி" என்றார். அவருடைய வெள்ளைச் சட்டை என் வேட்டியின் நிறத்துக்கு வந்திருந்தது. என் வேட்டியின் நிறம் என்னவென்று தெரியவில்லை.

உள்ளே போய் உட்கார்ந்தோம். தேத்தண்ணி வந்தது. குமிழ் இன்னும் என் கையில்தான் இருந்தது. செல்வராணி வந்தாள், என்னைப் பார்த்தாள், குமிழைப் பார்த்தாள், போய்விட்டாள்.

இஞ்சின்காரர் மாமாவிடம் மெதுவாகச் சொன்னார். "புலின்னு சொன்னீங்க."

மாமா வாழைப்பழத்தை உரிக்க ஆரம்பித்தார்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பதுளைக்குத் திரும்பும் பஸ் ஐந்து மணிக்குத்தான். அப்போது மணி பதினொன்றரை. எங்கள் வழக்கத்தில் பெண் பார்க்கப் போன வீட்டில் தேத்தண்ணி குடிக்கலாம், பலகாரம் தொடலாம். சோற்றில் கை நனைத்தால் சம்பந்தம் முடிந்ததாக அர்த்தம். ஆகவே அவர்கள் எங்களைச் சாப்பிடக் கூப்பிட முடியாது. எங்களை உட்கார வைத்துவிட்டு அவர்களும் சாப்பிட முடியாது. உள்ளே கோழிக்கறி கொதித்து இறக்கப்பட்டிருந்தது. அதன் வாசனையில் இரண்டு குடும்பம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூன்றாவது தேத்தண்ணி வந்தபோது மாமா அதைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இஞ்சின்காரரால் சும்மா உட்கார முடியவில்லை. எழுந்து ஜீப்பிடம் போனார். நானும் பின்னால் போனேன். அடியில் படுத்து எண்ணெயை வடித்தார். ஒரு வாளி நிறைந்தது. இன்னொரு வாளி கேட்டார்.

"எம்புட்டு ஊத்துனீங்க?"

"கம்பி காஞ்சிருந்துச்சுங்க."

"எங்க நிப்பாட்டிப் பாத்தீங்க?"

"எறக்கத்துல."

அவர் ஜீப்பின் அடியிலேயே கிடந்து சிரித்தார். வண்டி ஆடுகிற சிரிப்பு. பிறகு, இதில் என்னென்ன மாற்றினேன் என்று கேட்டார். சொன்னேன். கோழியிலிருந்து ஆரம்பித்து, மிஞ்சிய பாகங்கள் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் சம்மதம் என்று ஒரு வார்த்தை வரவில்லை. இறக்கத்தில் நிறுத்தி எண்ணெய் பார்க்கிறவனுக்குப் பெண்ணைக் கொடுப்பதா என்ற கேள்வி அவர் முகத்தில் எண்ணெயோடு சேர்ந்து ஒட்டியிருந்தது.

மூன்று மணிக்குச் செல்வராணி வாசலுக்கு வந்தாள்.

"அப்பா, ரெண்டு பேரும் கையக் கழுவிட்டு வாங்க. சாப்பாடு போட்டாச்சு."

அவர் மெதுவாக எழுந்தார். "சோறா?"

"சோறுதான். அம்மாவுக்குத் தல சுத்துது. அந்த மாமா அஞ்சு தேத்தண்ணி குடிச்சிட்டாரு. இவரு வாயத் தொறந்து கேக்க மாட்டாரு, நீங்க பதிலு சொல்ல மாட்டீங்க. பஸ்ஸு அஞ்சு மணிக்கு."

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

"லயமே ஓடுச்சு. இவரு வண்டிய விட்டுட்டு ஓடலயே" என்றாள்.

நான் அதை மறுக்கவில்லை. கை கழுவினேன். எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை. அப்படியே சோற்றில் கை வைத்தேன்.

ஐந்து மாதத்தில் கல்யாணம். மாப்பிள்ளை பஸ்ஸில்தான் வந்தான். ஜீப்பை மாமனாரும் நானும் மறுபடி பிரித்து, அடுத்த வருடம் ஓட வைத்தோம். அவர் போய்ச் சேருவதற்குள் இன்னும் மூன்று வண்டிகளை எழுப்பினோம். பெரும்பாலும் பேசிக்கொள்ளாமல்.

மூத்த மகள் பிறந்து நான்கைந்து வருடம் கழித்து, மனசு உறுத்தி, மனைவியிடம் உண்மையைச் சொன்னேன்.

"அன்னிக்கு நான் தைரியமா உக்காந்திருக்கல. எறங்க வெக்கமா இருந்துச்சு."

"தெரியும்" என்றாள். "ஜீப்புக்குத்தான் கதவே இல்லையே. காலு நடுங்குனது நல்லாத் தெரிஞ்சுச்சு."

"அப்ப எதுக்குச் சோறு போட்ட?"

"பசிச்சுச்சு."

எங்கள் வீட்டில் இந்தக் கதையைக் கேட்காமல் திரும்பிய விருந்தாளி கிடையாது. போன மாதம் அந்த மூத்த மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அவள் அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டு முடித்தாள். கையைக் கழுவிக்கொண்டு அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்:

"இப்ப வரச் சொல்லுங்க. நான் நிதானமா யோசிச்சுச் சொல்றேன்."