ஐம்பத்தெட்டுக்கு ஒன்று

முடிவு வெளியாகிச் சரியாகப் பதினோரு மணி நேரம் ஆகியிருந்தது. வெர்லீன் டிட்வெல் மூன்றாவது முறையாகக் கவுண்டி தேர்தல் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தார்.

"ஒண்ணுதானா? நல்லாப் பாத்துச் சொல்லும்மா. டிரை ஃபோர்க், ஆறாம் நம்பர் சாவடி. ஐம்பத்தெட்டு, அப்புறம் ஒண்ணு. அவ்வளவுதானா?"

மறுமுனையில் இருந்த பெண் ஏதோ சொன்னாள்.

"பொட்டி அடியில எதுவும் ஒட்டிக்கிட்டு இல்லையே? கவுத்துப் பாத்தியா?"

சமையலறை மேசையில் அவர் கணவர் ராய்ஸ் டோஸ்டுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே தடவிய பக்கத்திலேயே மறுபடியும் தடவினார்.

வெர்லீன் இருபத்துநாலு வருடங்களாகக் குடியரசுக் கட்சியின் சாவடித் தலைவி. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அவர் கையால் போட்ட தேர்தல் முடிவு அட்டவணை ஒன்று இருந்தது. டெக்சஸ் முழுவதும் ஏதோ நகர்ந்துகொண்டே இருந்தது. டாலஸ் ஒரு பக்கம் சாய்ந்தது. எல்லையோர ஊர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தன. டிரை ஃபோர்க் மட்டும் அசையவில்லை. குடியரசுக் கட்சிக்குத் தொண்ணூற்று மூன்று, ஜனநாயகக் கட்சிக்கு ஒன்று. அடுத்த தேர்தலில் எண்பத்தெட்டுக்கு ஒன்று. பிள்ளைகள் நகரங்களுக்குப் போனார்கள், பெரியவர்கள் கல்லறைக்குப் போனார்கள், கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. அந்த ஒன்று மட்டும் குறையவே இல்லை.

அது இமோஜீன் டீச்சரின் ஓட்டு என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. ஜனநாயகக் கட்சிக்காரர்கள் நிறைந்த ஆஸ்டினில் படித்தவர். பூனைக்கு லத்தீனில் பெயர் வைத்தவர். வேறென்ன ஆதாரம் வேண்டும்? டீச்சரும் ஒருநாளும் மறுக்கவில்லை. கேட்டால் சிரிப்பார்.

மார்ச் மாதம் டீச்சர் இறந்துபோனார். ஊர் வருந்தியது. வருந்தி முடித்ததும் கணக்குப் போட்டது. இந்த முறை எதிர்ப்பக்கம் பூச்சியம். பருத்தியிலிருந்து விதை பிரிக்கும் ஜின் ஆலை நடத்தும் டஃபி, 'டெக்சஸின் நூற்றுக்கு நூறு ஊர்' என்று பேனரே அடித்து வைத்துவிட்டார்.

ஆனால் அந்த ஒன்று டீச்சருடையது அல்ல. ராய்ஸுடையது.

அதில் கொள்கை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் அப்பா காலத்தில் ஊரே ஜனநாயகக் கட்சிக்குத்தான் போட்டது. பிறகு ஊர் மொத்தமாக மாறியது. ராய்ஸ் மட்டும் மாறாமல் இருந்துவிட்டார். அவர் மாறலாம் என்று நினைத்தபோது மனைவி சாவடித் தலைவி ஆகியிருந்தார். அதற்குப் பிறகு மாறுவது ஏதோ பயந்து மாறியதுபோல இருந்தது.

இந்த முறை நிஜமாகவே பயந்துவிட்டார். டீச்சர் இல்லை. பழி போட வேறு ஆள் இல்லை. ஒன்று என்று வந்தால் ஊர் தேடும். கண்டுபிடித்தால் வெர்லீன் தலைகுனிய வேண்டும். நாற்பத்தோரு வருடக் குடும்பத்தை ஒரு சீட்டுக்காக ஆட்டிப் பார்ப்பதா? அதனால் வாழ்க்கையில் முதல் முறையாக ஊரோடு சேர்ந்து ஓட்டுப் போட்டார்.

அப்படியும் ஒன்று வந்திருந்தது.

வெர்லீன் போனை வைத்தார். "ராய்ஸ், நீ ஓட்டுப் போட்டப்ப மெஷின் பேப்பரை முழுசா இழுத்துக்கிச்சா?"

"இழுத்துச்சு."

"நல்லாத் தெரியுமா?"

"ஓட்டு ஏறிடுச்சுன்னு திரையில கொடி ஆடிச்சு. நானே பாத்தேன்."

வெர்லீன் அவரையே பார்த்தார். ராய்ஸ் டோஸ்டைத் திருப்பி மறுபக்கமும் வெண்ணெய் தடவினார்.

எதையாவது செய்து பேச்சைத் திசை திருப்ப வேண்டும். ராய்ஸ் ஜின் ஆலைக்குப் போனார். டஃபியின் அலுவலகத்தில் காபி எப்போதும் இலவசம். அதனால் ஊரின் பாதி எப்போதும் அங்கேதான் இருக்கும்.

"பேனரை என்னடா பண்றது?" என்றார் டஃபி. "நூத்துக்குத் தொண்ணூத்தெட்டுன்னு திருத்தி எழுதினா எவன் நின்னு பாப்பான்?"

"இது ஒருவேளை டீச்சரோடதா இருக்கும்" என்றார் ராய்ஸ். "சாகறதுக்கு முன்னாடி தபால்ல போட்டிருப்பாங்க."

"மார்ச்சுலயா? அப்ப யார் நிக்கப்போறாங்கன்னே முடிவாகலையேடா!"

டஃபி மெதுவாகத் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார்.

"அப்ப டீச்சர் அதுக்கப்புறம் போட்டிருக்காங்க."

மதியத்துக்குள் கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு டிவி வேன் நின்றது. நிருபர் இமோஜீன் டீச்சரின் கல்லறைக்குப் பக்கத்தில் நின்று, இறந்தவர்கள் வாக்களிக்கும் ஊர் என்று ஆரம்பித்தார். ராய்ஸும் கூட்டத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்துநாலு வருடம் தன் பழியைச் சுமந்தவரைக் கல்லறையிலும் நிம்மதியாக இருக்க விடவில்லை.

அவர் ஓடிப்போய் மைக்கின் முன்னால் நின்றார். "செத்தவங்க யாரும் போடல, தம்பி. புதுசா வந்தவங்க யாராவது போட்டிருக்கலாம். அதுக்காகக் கல்லறையில வந்து நிப்பீங்களா?"

வேன் போய்விட்டது. ராய்ஸ் பெருமூச்சு விட்டார். மாலையில் டிவியில் தன் முகத்தைப் பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்தது. நாலு வருடத்தில் டிரை ஃபோர்க்குக்குப் புதிதாக வந்த வாக்காளர் ஒரே ஒருவர்தான். பாஸ்டர் அபர்னதி.

பாஸ்டர் சாது. மனைவி இல்லாதவர். இரண்டு பெண்களைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்தார். பெரியவளுக்கு இப்போதுதான் பள்ளியில் ஒரு தோழி கிடைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பதினோரு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் டிவிக்காரர்கள். அன்றைக்குப் பிரசங்கம், தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டுக் காணாமல் போன ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனைப் பற்றியது. அதை அவர் ஆகஸ்டிலேயே எழுதி வைத்திருந்தார் பாவம்.

"கேட்டீங்களா?" என்றார் டஃபி வெளியே வந்ததும். "அந்த ஒண்ணு மேல அவருக்கு எவ்வளவு பாசம்!"

செவ்வாய் மதியம் தீயணைப்பு நிலையத்தில் கூட்டம் போட்டார்கள். பாஸ்டரை வேறு ஊருக்கு மாற்றச் சொல்லிப் பிஷப்புக்கு ஒரு கடிதம். கையெழுத்துப் போட வருபவர்களுக்கு பெக்கன் கொட்டை போட்டுச் சுட்ட இனிப்பு, பெக்கன் பை, உண்டு என்று சொல்லியிருந்ததால் எல்லோரும் வந்திருந்தார்கள். பாஸ்டரும் வந்திருந்தார். தன்னைப் பற்றிய கூட்டம் என்று தெரியாமல் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

வெர்லீன் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு வாரமாக அவர் சரியாகப் பேசவில்லை. தேர்தல் அலுவலகத்தை மட்டும் தினமும் அழைத்தார்.

டஃபி கடிதத்தைப் படிக்க ஆரம்பித்தார். பாஸ்டர் கையிலிருந்த நாற்காலியை மெதுவாகக் கீழே வைத்தார். முதல் பத்தி முடிவதற்குள் ராய்ஸ் எழுந்துவிட்டார்.

"அது பாஸ்டர் இல்ல. நான்."

கூட்டம் அவரைத் திரும்பிப் பார்த்தது. பிறகு யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"உக்காருடா" என்றார் டஃபி. "ரெண்டு பை இருந்தா எதை எடுக்கறதுன்னே வெர்லீனைக் கேக்கற ஆளு நீ."

"நெஜமாத்தான் சொல்றேன். இந்தத் தடவை மட்டுமில்ல. ஒவ்வொரு தடவையும் நான்தான்!"

சிரிப்பு பெரிதாயிற்று.

"அப்ப டீச்சர் யாருக்குய்யா போட்டாங்க?"

"நம்ம ஊரு பக்கம்தான். கடைசி வரைக்கும்."

கொட்டகையே அதிர்ந்தது. ஒருவருக்குப் புரையேறி முதுகில் தட்டினார்கள். டஃபி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"பொய்கூடச் சொல்லத் தெரியல இவனுக்கு" என்றார். "வெர்லீன் முன்னாடியே இப்படி ஒரு பொய். அதுவும் பாஸ்டருக்காக." அவர் தொண்டையைக் கனைத்தார். "நாம என்னடா பண்ணிக்கிட்டிருக்கோம்?"

டஃபி கடிதத்தை நாலாகக் கிழித்தார். முதல் துண்டு பை பாஸ்டருக்குப் போயிற்று. அவர் ராய்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நீங்க எனக்காக அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்" என்று அழுதார். ராய்ஸுக்கு உடம்பெல்லாம் லேசாகியிருந்தது. உண்மையைச் சொல்லியாயிற்று. யாரும் நம்பவில்லை. இதைவிட நல்லபடியாக அது முடிந்திருக்காது.

வெர்லீன் மட்டும் சிரிக்கவே இல்லை என்பதை வண்டியில் ஏறிய பிறகுதான் ராய்ஸ் நினைத்துப் பார்த்தார்.

வெர்லீன்தான் ஓட்டினார். பாதி வழியில், அறுவடை முடிந்த பருத்திக் காட்டின் ஓரமாக வண்டியை நிறுத்தினார்.

"அங்க சொன்னியே. அது நெஜமா?"

ராய்ஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். செடிகளில் அங்கங்கே பஞ்சு மிச்சமிருந்தது.

"பழசெல்லாம் நெஜம். இந்தத் தடவை மட்டும் பொய். இந்தத் தடவை உன் கட்சிக்குத்தான் போட்டேன். உனக்கு அவமானம் வரக்கூடாதுன்னு."

வெர்லீன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து ராய்ஸ் பதறினார். வெர்லீன் தலையைத் தூக்கியபோது முகம் சிரிப்பில் சிவந்திருந்தது.

"பைத்தியக்காரா. எனக்கு இருபது வருஷத்துக்கு மேல தெரியும். முடிவு வர்ற அன்னிக்கெல்லாம் நீ பாத்திரம் கழுவுவ. வேற ஒரு நாள் கழுவியிருக்கியா?"

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டு நீ ஆமான்னு சொன்னா, சாவடித் தலைவியா நான் ஏதாவது பண்ணியாகணுமே."

ராய்ஸ் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டார். நாற்பத்தோரு வருடம் அப்படியே முழுசாக இருந்தது. மூச்சு சீராக வந்தது. பிறகுதான் மிச்சக் கணக்கு நினைவுக்கு வந்தது.

"சரி, அந்த ஒண்ணு யாரோடது? நெஜமாவே பாஸ்டரோடதா?"

"டீச்சர் போயிட்டாங்க. எப்பவும்போல ஒண்ணுன்னு வந்திருந்தா, பொழுது சாயறதுக்குள்ள உன்னைத்தான் பிடிச்சிருப்பாங்க. ரெண்டுன்னு வந்தா யாரைன்னு பிடிப்பாங்க?"

"ஆனா ரெண்டு வரலையே. ஒண்ணுதானே வந்துச்சு?"

"அதைத்தானே அந்த ஆபீஸ் பொண்ணுகிட்ட ஒரு வாரமாக் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார் வெர்லீன். "அந்த ஒண்ணு என்னோடது, ராய்ஸ். நான் தேடிக்கிட்டிருந்தது உன்னோடதை."