கார்டுக்குப் பெயர் சூட்டும் படலம்

கிதார் வாசிக்கத் தெரிந்தவர்கள் உலகில் கோடிப்பேர். என்ன வாசிக்கிறோம் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான், மற்றவன் என் மைத்துனன், என் மனைவியின் தம்பி. இருவரும் ஒரே குடியிருப்பில் வசிப்பது அக்குடியிருப்பு செய்த பாக்கியம்.

போன வருடம் குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டுவிழாவில் என் மனைவி பாடினாள், நாங்கள் வாசித்தோம். முதல் வரியிலேயே நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம் என்று போய்விட, அவள் பாதிப் பாட்டில் மேடையைவிட்டு இறங்கினாள். இந்த வருடம் அவளே எழுதி மெட்டமைத்த பாட்டு.

"இதையாவது முழுசா பாடி முடிக்கணுங்க," என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கே பாவமாக இருந்தது. உடனே நாங்கள் இருவரும் பயிற்சியை நிறுத்திவிட்டு ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் மேற்கத்திய முறையான ஹார்மனியின் "இலக்கணம்" படிக்கத் தொடங்கினோம்.

படிப்பு வீண்போகவில்லை. முன்பெல்லாம் நாலு ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டினால் அது வெறும் சத்தம். இப்போது, ஹார்மனி மொழியில், அது கார்டு. அதற்கு ஒரு பெயரும் உண்டு. விழாவன்று மேடையை ஒட்டிய அறையில், பாட்டின் முதல் கார்டு குறித்து உயர்மட்ட ஆலோசனை கூடியது.

"இது ஏ மைனர் செவன், மாமா."

"சி சிக்ஸ், மாப்ள. மேஜர் குடும்பம். சந்தோஷமான கார்டு."

"அக்கா பாட்டு சோகப் பாட்டு. மைனர்தான்."

"உங்கக்கா எதுக்குச் சோகமா இருக்கணும்? நான் என்ன கொடுமைக்காரனா?"

"அத என் வாயால சொல்ல வைக்காதீங்க."

என் மனைவி எட்டிப் பார்த்தாள். என் விரல்களைப் பார்த்தாள். தம்பியின் விரல்களைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் ஒரே இடத்துலதானே பிடிச்சிருக்கீங்க? ஒரே சத்தம்தானே வருது?"

"வருதுதான்," என்றான் தம்பி. "ஆனா மாமா தப்பான காரணத்துக்காகப் பிடிச்சிருக்கார்க்கா."

பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைக்காதே என்பார்கள். ஹார்மனி படிக்காதவர்கள் சொன்னது. ஒலிபெருக்கியில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் தனியாகவே போனாள். நாங்கள் வாதத்தை விடவில்லை. முதல் கார்டுக்கு இரு பெயர்களையும் வைத்துக்கொள்வதென்று சமரசம் கண்டு, வெற்றியோடு வெளியே வந்தபோது அரங்கமே கைதட்டிக்கொண்டிருந்தது.

சங்கச் செயலாளர் ஓடிவந்து எங்கள் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றி சார். போன வருஷம் பாட்டே கேக்கல. இந்த வருஷம் கடைசி வரி வரைக்கும் தெளிவா கேட்டுச்சு. அடுத்த வருஷமும் ரெண்டு பேரும் இதே ஒத்துழைப்பத் தரணும்."

"கண்டிப்பா தருவாங்க சார்," என்றாள் மேடையிலிருந்து இறங்கிவந்த என் மனைவி. "அடுத்த பாட்டுல இன்னும் கஷ்டமான கார்டா போட்டு வைக்கிறேன்."